புல்லியை மாற்றும் முன் சுழல் வேகத்தைக் கணக்கிடுங்கள்

கோடையில் தண்ணீர் குறைந்ததும் பெல்ட்டில் ஓடும் பம்பு செட் வைத்திருக்கும் சிலர் செய்யும் முதல் வேலை, பம்பிலுள்ள புல்லியைக் கழற்றிவிட்டு அதைவிட அரை அங்குலமோ ஓர் அங்குலமோ சிறிய புல்லியை மாட்டுவதாகும். பம்பு வேகமாகச் சுற்றும், தண்ணீரும் கூடுதலாக விழும். இரண்டு மூன்று நாட்கள் மகிழ்ச்சியாக இருக்கும். பிறகு மோட்டார் சூடேறி, காயில் கருகி, ரீவைண்டிங் கடைக்குப் போகும். மோட்டார் நல்ல மோட்டார்தான், மின்சாரத்திலும் குறை இல்லை. அரை அங்குலம் குறைந்ததில் சுழல் வேகம் எவ்வளவு கூடியது, அதனால் மோட்டாரின் சுமை எவ்வளவு கூடியது என்ற கணக்கைப் பார்க்காததுதான் காரணம்.

மோனோபிளாக், நீர்மூழ்கி பம்புகளில் புல்லிக்கே வேலை இல்லை. ஆயினும் ஆயில் எஞ்சினில் ஓடும் பம்புகள், கதிரடிக்கும் இயந்திரம், தீவனம் நறுக்கும் இயந்திரம், மாவு மில் என்று பண்ணையில் பெல்ட்டும் புல்லியும் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. டிராக்டரின் பின்புறத் தண்டில் இணைக்கும் கருவிகள் வேறு. இவை யாவும் சுற்றுகின்றவை. சுற்றுகின்ற பொருளின் வேகத்தை அளக்கும் முறை, சாலையில் ஓடும் வண்டியின் வேகத்தை அளக்கும் முறையிலிருந்து சற்று வேறுபட்டது. அதைப் புரிந்துகொள்ளக் களத்து மேட்டில் பிணையல் மாடுகள் போரடித்ததை நினைத்துப் பார்த்தால் போதும்.

களத்தின் நடுவே ஒரு கம்பம். அதிலிருந்து வரிசையாக நான்கு மாடுகள் பிணைக்கப்பட்டிருக்கின்றன. உள் மாடு கம்பத்திலிருந்து 3 அடி தள்ளியும், வெளி மாடு 12 அடி தள்ளியும் நடப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு மாடுகளும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகச் சுற்றை முடிக்கின்றன. நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்றால் நான்குக்கும் அதே இரண்டு சுற்றுதான். ஆனால் ஒரு சுற்றுக்கு உள் மாடு நடக்கும் தூரம் சுமார் 19 அடி. வெளி மாடு நடப்பதோ சுமார் 75 அடி. நிமிடத்துக்கு உள் மாடு 38 அடி ஊர்ந்தால் போதும், வெளி மாடு 150 அடி எட்டி வைக்க வேண்டும். வயதான மாட்டைக் கம்பத்தருகேயும், இளமையும் சுறுசுறுப்பும் உள்ள மாட்டை வெளிப்புறத்திலும் பிணைத்தார்களே, அதன் காரணம் இதுவே. பெரியவர்கள் புத்தகம் பார்த்துச் செய்யவில்லை. கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

இங்கே இரண்டு வேகங்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது ஒன்று. இதுவே சுழல் வேகம். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இதைக் கோணத் திசைவேகம் என்பார்கள். பட்டறைக்காரர்கள் ஆர்.பி.எம். என்பதும் இதையேதான். நிமிடத்துக்கு எத்தனை அடி தூரம் என்பது மற்றொன்று. இதை ஓட்ட வேகம் எனலாம். சக்கரத்தின் ஓரத்தில் அளந்தால் விளிம்பு வேகம். ஒரே தண்டில் மாட்டிய எல்லாவற்றுக்கும் சுழல் வேகம் ஒன்றே. மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக ஓட்ட வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகும். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளும் கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளும் நிமிடத்துக்கு ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றுகின்றன. முனை ஓடும் தூரத்தில்தான் வித்தியாசம்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ரேடியன் என்று ஒரு அளவைச் சொல்லக் கேட்டிருக்கலாம். இதுவும் களத்து மேட்டில் விளங்கக்கூடியதே. கம்பத்திலிருந்து வெளி மாடு வரை உள்ள 12 அடிக் கயிற்றை எடுத்து, அந்த மாடு நடக்கும் வட்டப் பாதையின் மீது வளைத்துப் படுக்க வைத்தால், மாடு அந்தக் கயிற்று நீளத்தைக் கடக்கும்போது திரும்பியிருக்கும் கோணமே ஒரு ரேடியன். சுமார் 57 டிகிரி. வட்டம் சிறிதானாலும் பெரிதானாலும், ஒரு முழுச் சுற்றில் இப்படிப்பட்ட கயிறுகள் 6.28 அடங்கும். ஆர்.பி.எம்.மை 9.55 ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை ரேடியன் என்பது கிடைக்கும். அதை மையத்திலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை அடி என்ற ஓட்ட வேகம் வந்துவிடும். மாட்டுக்கு 2 சுற்று, 9.55 ஆல் வகுக்க 0.21, 12 அடியால் பெருக்க விநாடிக்கு 2.5 அடி, அதாவது நிமிடத்துக்கு அதே 150 அடி. பண்ணை வேலைக்கு ரேடியன் கட்டாயம் இல்லை. ஆர்.பி.எம். போதும்.

மாட்டு வண்டியைப் பாருங்கள். 5 அடி உயர மரச் சக்கரத்தின் சுற்றளவு 15.7 அடி. நிமிடத்துக்கு 150 அடி நடக்கும் மாடுகள் பூட்டிய வண்டியில் சக்கரம் நிமிடத்துக்கு ஒன்பதரைச் சுற்றுச் சுற்றும். அதே மாடுகளை இரண்டரை அடி டயர் வண்டியில் பூட்டினால் சுற்று 19 ஆகிவிடும். பாதை அதே, மாட்டின் நடை அதே, சக்கரம் சிறுத்ததால் சுழல் வேகம் இரட்டிப்பு. மரச் சக்கரத்துக்கு அச்சில் வண்டி மை தடவினால் போதுமாக இருந்தது. டயர் வண்டிக்குப் பேரிங்கும் கிரீஸும் வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மோட்டாரின் வேகம் எங்கிருந்து வருகிறது

மோட்டாரின் உடலில் ஒரு சிறு உலோகத் தகடு ஆணியடித்து வைக்கப்பட்டிருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. பெயிண்ட் அடிக்கும்போது அதன் மேலும் சேர்த்துப் பூசிவிடுகிறார்கள். குதிரைச் சக்தி, ஆம்பியர், ஆர்.பி.எம். ஆகிய மூன்றும் அதில்தான் உள்ளன. நமது மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசை மாறி மாறிச் சுழல்வது. நான்கு துருவங்கள் உள்ள மோட்டாரில் இந்தக் காந்தச் சுழற்சி நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும். மோட்டாரின் தண்டு அதைச் சற்றுப் பின்தங்கியே தொடர்வதால் முழுச் சுமையில் சுமார் 1440 சுற்று கிடைக்கிறது. இரண்டு துருவ மோட்டாரில் இது சுமார் 2880 சுற்று. மின் அழுத்தம் குறைந்தால் மோட்டாரின் வேகம் பெரிதாகக் குறைந்துவிடாது. அதே வேலையைச் செய்யக் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு சூடாகும். ஆகவே காதுக்கு மோட்டார் வழக்கம்போல் ஓடுவதாகத் தோன்றினாலும், ஆம்பியர் மீட்டர் வேறு கதை சொல்லும்.

ஆயில் எஞ்சினில் நிலைமை வேறு. பழைய மெதுவேக எஞ்சின்கள் நிமிடத்துக்கு 650 சுற்று அளவில் ஓடுபவை. பின்னால் வந்த வேக எஞ்சின்கள் 1500 சுற்று. ஒற்றை சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எண்ணெய் எரிந்து தண்டைத் தள்ளுகிறது. மீதி நேரமெல்லாம் பறக்கும் சக்கரம், அதாவது ஃபிளைவீல், தன்னிடம் சேர்ந்துள்ள வேகத்தால் தண்டை இழுத்துச் செல்கிறது. சுழலும் சக்கரத்தில் சேரும் ஆற்றல் வேகத்தின் வர்க்கப்படி கூடும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. மெதுவேக எஞ்சினுக்கு ஆள் உயரத்தில் பாதிக்குக் கனத்த சக்கரமும், வேக எஞ்சினுக்குச் சிறிய சக்கரமும் இருப்பது இதனால்தான். அந்தக் கனமான சக்கரத்தை மாற்றி இலேசானதை மாட்டிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எஞ்சின் திணறி உதறும்.

புல்லிக் கணக்கு

இரண்டு புல்லிகளை ஒரே பெல்ட் இணைக்கும்போது, பெல்ட்டின் ஓட்ட வேகம் இரண்டிலும் ஒன்றே. எனவே சிறிய புல்லி அதிகச் சுற்றும், பெரிய புல்லி குறைந்த சுற்றும் சுற்றியாக வேண்டும். மோட்டாரின் சுற்றை மோட்டார்ப் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, இயந்திரப் புல்லியின் விட்டத்தால் வகுத்தால் இயந்திரத்தின் சுற்று கிடைக்கும். இவ்வளவுதான் சூத்திரம். மோட்டார் 1440 சுற்று, அதன் புல்லி 4 அங்குலம், கதிரடிக்கும் இயந்திரத்தின் புல்லி 12 அங்குலம் என்றால் 1440ஐ 4 ஆல் பெருக்கி 12 ஆல் வகுக்க 480 சுற்று வரும். தட்டைப் பெல்ட்டாக இருந்தால் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு வழுக்கலில் போய்விடும். பெல்ட் தளர்ந்திருந்தால் இன்னும் கூடுதலாகவே போகும்.

சுற்று மூன்றில் ஒன்றாகக் குறைந்தபோது திருகும் விசை மூன்று மடங்காகிறது. சைக்கிளில் மேட்டில் ஏறும்போதும் இதே பேரம்தான்: வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறோம். திருகைக் கல்லின் பிடியை மையத்தருகே வைக்காமல் ஓரத்தில் வைத்திருப்பதும் இதே பேரம்தான். கை அதிக தூரம் சுற்றி வர வேண்டும், ஆனால் குறைந்த பலம் போதும். இரண்டையும் சேர்த்து இலாபமாகப் பெற வழி இல்லை. மோட்டார் தரும் குதிரைச் சக்தி என்பது திருகு விசையும் சுழல் வேகமும் பெருக்கிய தொகை. புல்லியை மாற்றுவதால் அந்தத் தொகை கூடுவதில்லை.

மிகச் சிறிய புல்லியைத் தேடிப் போவதும் தவறு. சிறிய புல்லியை பெல்ட் தழுவும் வளைவு குறைந்துவிடுகிறது. பிடிப்புப் போதாமல் வழுக்கும், வழுக்குவதால் சூடாகும், பெல்ட் விரைவில் வெடிக்கும். வழுக்குகிறதே என்று இறுக்கிக் கட்டினால் மோட்டாரின் பேரிங் போகும்.

இப்போது முதலில் சொன்ன பம்புக்கு வருவோம். 5 குதிரைச் சக்தி மோட்டார், 1440 சுற்று. மோட்டாரிலும் பம்பிலும் 5 அங்குலப் புல்லி. பம்பு நாலரைக் குதிரைச் சக்தி இழுப்பதாக வைத்துக்கொள்வோம். மோட்டாருக்குச் சற்று மிச்சம் இருக்கிறது. பம்பின் புல்லியை மட்டும் நாலரை அங்குலமாக மாற்றினால் பம்பின் சுற்று 1600 ஆகிறது. கூடியது நூற்றுக்கு 11 மட்டுமே. இதுவரை எவரும் பயப்பட மாட்டார்கள்.

மைய விலக்குப் பம்பில் உள்ள இம்பெல்லர், தண்ணீரைச் சுழற்றி ஓரத்துக்கு வீசுவதால் இயங்குகிறது. சுழல் வேகம் கூடினால் தண்ணீரின் அளவு அதே விகிதத்தில் கூடும். தண்ணீரை ஏற்றும் உயரம் வேகத்தின் வர்க்கப்படி கூடும். இழுக்கும் குதிரைச் சக்தியோ வேகத்தை மூன்று முறை பெருக்கிய அளவில் கூடும். மேலே சொன்ன பம்பில் தண்ணீர் 11 பங்கு கூடும்போது சக்தி 37 பங்கு கூடிவிடுகிறது. நாலரைக் குதிரைச் சக்தி இழுத்த பம்பு இப்போது 6.2 குதிரைச் சக்தி கேட்கிறது. மோட்டாரோ 5 குதிரைச் சக்தி. பேராசைப்பட்டு 4 அங்குலப் புல்லி மாட்டியவருக்கு வேகம் 1800 சுற்று. தேவைப்படும் சக்தி 8.8 குதிரைச் சக்தி. ஏறக்குறைய இரட்டிப்பு. கிணற்றின் ஆழம், குழாயின் நீளம், வளைவுகள் ஆகியவற்றைப் பொறுத்து இந்தக் கணக்கு சற்று முன்பின் ஆகலாம். ஆனால் போகும் திசை இதுவே.

இதில் இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. நீர் மட்டம் இறங்கியதால் தண்ணீர் குறைந்திருந்தால், குறை பெரும்பாலும் உறிஞ்சு குழாய்ப் பக்கத்தில் இருக்கும். காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைப் பம்பு வரை தள்ளுகிறது. நடைமுறையில் 20 அடிக்குச் சற்று மேல் இது உதவாது. பம்பை வேகமாகச் சுற்றினால் உறிஞ்சும் பக்கம் இன்னும் அதிகச் சிரமப்படும். தண்ணீரில் ஆவிக் குமிழிகள் உண்டாகி உடையும். பம்புக்குள் சரளைக்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்கும், இம்பெல்லரின் உலோகம் அரிக்கப்பட்டுக் குழி விழும். அத்தகைய கிணற்றில் பம்பைக் கீழே இறக்கி வைப்பதே வழி. கிணற்றில் ஊற்று குறைந்துவிட்டதென்றால் எந்தப் புல்லியும் ஊற்றைக் கூட்டாது.

இதே கணக்கு எதிர்த் திசையில் விவசாயிக்கு உதவவும் செய்யும். ஆயில் எஞ்சினால் வாய்க்காலிலிருந்தோ நீர் மட்டம் மேலேறிய கிணற்றிலிருந்தோ இறைக்கும்போது, பம்பின் வேகத்தை நூற்றுக்கு 10 பங்கு குறைத்தால் தேவைப்படும் சக்தி சுமார் 27 பங்கு குறைகிறது. ஏற்றும் உயரமும் 19 பங்கு குறையும் என்பதை மறக்கக் கூடாது. 60 அடி தள்ளும் பம்பு 48 அடிதான் தள்ளும். நீர் மட்டத்திலிருந்து கொட்டும் இடம் வரை உள்ள உயரமும் குழாயில் வீணாகும் உயரமும் சேர்ந்து 45 அடிக்குள் இருந்தால் டீசல் மிச்சமாகும். 50 அடிக்கு மேல் என்றால் எஞ்சின் ஓடும், தண்ணீர் வராது.

புதிதாக இணைப்புக் கொடுத்த பம்பில் தண்ணீர் குறைவாக விழுந்தால், வேகத்தைக் குறை சொல்லும் முன் சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். பம்பின் உடலில் அம்புக்குறி உண்டு. எதிர்த் திசையில் சுற்றினாலும் இந்த வகைப் பம்பு கொஞ்சம் தண்ணீர் தள்ளும் என்பதால் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை. மும்முனை மோட்டாரில் ஏதேனும் இரண்டு கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் திசை திரும்பிவிடும். இதை மின் பணியாளரைக் கொண்டே செய்ய வேண்டும்.

விதைக்குக் கதிரடிக்கும்போது

கதிரடிக்கும் இயந்திரத்தில் தானியத்தின் மீது அடி விழுவது உருளையின் விளிம்பில். எனவே இங்கே ஆர்.பி.எம். மட்டும் தெரிந்தால் போதாது, உருளையின் விட்டமும் தெரிய வேண்டும். 18 அங்குல உருளை 480 சுற்றில் ஓடினால் விளிம்பு வேகம் விநாடிக்கு சுமார் 38 அடி. பக்கத்து ஊர்க்காரரின் இயந்திரமும் 480 சுற்றுத்தான். ஆனால் அதன் உருளை 24 அங்குலம். விளிம்பு வேகம் விநாடிக்கு 50 அடி ஆகிவிடுகிறது. அடியின் கடுமை வேகத்தின் வர்க்கப்படி கூடுவதால், அங்கே தானியத்தின் மீது விழும் அடி 1.8 மடங்கு கடுமையானது. "அவர் இயந்திரத்தில் 480 வைத்திருக்கிறார், நாமும் வைப்போம்" என்பது இதனால் பொருந்தாது.

சாப்பாட்டுக்கு எடுக்கும் தானியத்தில் நொறுங்கல் சற்றுக் கூடினால் விலையில் சிறிது குறையும். விதைக்கு எடுத்து வைப்பதில் நஷ்டம் வேறு மாதிரியானது. சோயா மொச்சை, பயறு வகைகள், நிலக்கடலை போன்றவற்றில் முளை விதையின் ஓரத்தில், மெல்லிய தோலுக்கு அடியில் இருக்கிறது. உடைந்த விதையைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கிவிடலாம். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மூட்டையில் பளபளவென்று இருக்கும் விதை, வயலில் பாதிதான் முளைக்கும். அப்போது விதையையும் மழையையும் நொந்துகொள்வார்களே தவிர, இயந்திரத்தின் புல்லியை யாரும் நினைப்பதில்லை. ஆகவே விதைக்காகக் கதிரடிக்கும்போது இயந்திரப் புல்லியை ஒரு படி பெரிதாக்கி வேகத்தைக் குறைப்பது நல்லது. கதிரில் சிறிது மணி தங்கிப்போனாலும் பரவாயில்லை, அதை மறுமுறை விட்டு எடுத்துக்கொள்ளலாம். அளவுக்கு மீறிக் காய்ந்த மணி எளிதில் உடையும், ஈரமான மணி நசுங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அடித்து முடித்த குவியலிலிருந்து பார்த்துப் பொறுக்காமல் 100 விதைகளை எடுத்து ஈர மணலில் ஊன்றி, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. கையால் உரித்த 100 விதைகளையும் பக்கத்திலேயே ஊன்றினால், இயந்திரம் கெடுத்தது எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

அரிவாள், கொழு ஆகியவற்றைத் தீட்டும் சாணைச் சக்கரத்திலும் இதே எச்சரிக்கை தேவை. 2880 சுற்று மோட்டாரில் 6 அங்குலச் சக்கரத்தின் விளிம்பு விநாடிக்கு 75 அடி ஓடுகிறது. அதே மோட்டாரில் 12 அங்குலச் சக்கரத்தை மாட்டினால் 150 அடி. சாதாரணச் சாணைக் கல் இந்த வேகத்தைத் தாங்காது, துண்டுகளாகச் சிதறும். கல்லின் மீது ஒட்டியுள்ள வட்டக் காகிதத்தில் அதிகபட்ச ஆர்.பி.எம். அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கிழித்தெறியக் கூடாது.

சுற்றும் தண்டும் மேல்துண்டும்

டிராக்டரின் பின்புறச் சக்தித் தண்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்று என்ற அளவுக்கு அமைக்கப்பட்டது. விநாடிக்கு 9 சுற்று. பார்ப்பதற்கு ஒன்றும் பயங்கரமாகத் தோன்றாது. தண்டு 2 அங்குலக் கனம் என்றால் விநாடிக்கு நாலரை அடிக்கு மேல் துணியைச் சுருட்டிக்கொள்ளும். நாற்கரத்தையொத்த இணைப்பு முட்டியில் 4 அங்குல அகலம் இருப்பதால் அங்கே 9 அடி. தோளில் தொங்கும் துண்டோ, சேலை முந்தானையோ, தளர்ந்த வேட்டியோ அதில் பட்டால், "ஐயோ" என்று வாய் திறப்பதற்குள் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து கிளட்சை மிதிக்க அந்த ஒரு விநாடி போதாது. சுருட்டிய துணியின் கனம் சேரச் சேர இழுக்கும் வேகமும் கூடும். ஆகவே தண்டின் மீதுள்ள பிளாஸ்டிக் அல்லது தகர உறையைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். வாடகை டிராக்டர்கள் பலவற்றில் இந்த உறை காணப்படுவதில்லை. வேலைக்கு அமர்த்துபவர் அதைக் கேட்டு வாங்கலாம். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கை சிக்கிய விபத்துகள் நாடெங்கும் பெருகியதால், 1983ஆம் ஆண்டில் ஆபத்தான இயந்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டமே இயற்றப்பட்டது. கதிரைத் தள்ளும் தொட்டி குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளமும், அதன் மேல் 45 சென்டிமீட்டருக்கு மூடியும் இருக்க வேண்டும் என்பது கை உருளையை எட்டக் கூடாது என்பதற்காகவே. தொட்டியை வெட்டிக் குறுக்கினால் வேலை சற்று வேகமாக நடக்கும் என்று செய்பவர்கள் உண்டு. அந்த வேகத்தால் மிச்சமாகும் நேரம், ஒரு கைக்கு ஈடாகாது.

சுவிட்சை அணைத்தவுடன் இயந்திரம் நிற்பதில்லை. உருளையும் ஃபிளைவீலும் சேர்த்து வைத்த ஆற்றல் தீரும் வரை சுற்றும். தீவனம் நறுக்கும் இயந்திரத்தின் கத்திகள் ஃபிளைவீலிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், அது நின்றுவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டே அடைப்பை எடுக்க வேண்டும். அந்தக் கண்ணையும் இரவில் முழுவதும் நம்ப முடியாது. பழைய வகைக் குழல் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. 1440 சுற்றில் ஓடும் நான்கு கரம் உள்ள சக்கரம், அந்த வெளிச்சத்தில் விநாடிக்கு ஒரு சுற்று வீதம் நிதானமாகப் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரியும். சரியாக 1500 சுற்றில் ஓடினால் நின்றுவிட்டது போலவே தோன்றும். இரவில் கதிரடிக்க வேண்டியிருந்தால் இயந்திரத்தருகே சாதாரண குண்டு பல்பு ஒன்றையும் தொங்கவிடுவது நலம். அதன் இழை சூட்டிலேயே ஒளி விடுவதால் மங்கல் மிகக் குறைவு.

டிராக்டர் சேற்றில் சிக்கினால்

வண்டியைத் திருப்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். மாட்டு வண்டியில் சக்கரங்கள் தனித்தனியே அச்சில் சுழல்வதால் சிக்கல் இல்லை. டிராக்டரில் இதற்காகவே டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருக்கிறது. இரண்டு பின் சக்கரங்களின் சுற்றுகளைக் கூட்டினால் வரும் தொகையை அது மாறாமல் வைத்துக்கொள்ளும். ஒரு சக்கரம் கெட்டித் தரையில் நின்றுபோய், மற்றது சேற்றில் இருந்தால், சேற்றிலுள்ளது இரட்டிப்பு வேகத்தில் சுழன்று இன்னும் ஆழமாகக் குழி தோண்டும். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை அழுத்துவது குழியை ஆழப்படுத்தும். டிஃபரன்ஷியல் லாக்கை மிதித்தால் இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றி வண்டி வெளியே வரும். லாக் போட்டபடியே திரும்பினால் பல்சக்கரங்கள் உடையும். நேராக ஓட்டி, வெளியே வந்ததும் விடுவிக்க வேண்டும்.

ரோட்டவேட்டரில் சுழல் வேகமும் ஓட்ட வேகமும் சேர்ந்து வேலை செய்கின்றன. சுழலி நிமிடத்துக்கு 200 சுற்று என்றும், ஒரு தடத்தில் சுற்றுக்கு மூன்று கத்திகள் வெட்டுகின்றன என்றும் கொண்டால் நிமிடத்துக்கு 600 வெட்டு விழும். டிராக்டர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 50 மீட்டர் போனால், ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே சுமார் 8 சென்டிமீட்டர் மண் பெயரும். அதே சுழல் வேகத்தில் டிராக்டர் ஒன்றரைக் கிலோமீட்டரில் ஊர்ந்தால் வெட்டின் அளவு 4 சென்டிமீட்டர், மண் பொடிப்பொடியாகும். மணிக் கணக்கில் வாடகை கொடுப்பவருக்கு மெதுவாக ஓட்டினால் செலவும் இரட்டிப்பு. மாவு போலப் புழுதி பறக்க உழுவது அழகாகத் தெரிந்தாலும், தோட்டக் கால் நிலத்தில் அடுத்த மழையில் மேல் மண் இறுகி ஏடு கட்டும். சிறு விதைகள் அதைத் துளைத்து வர முடியாது. நெல்லுக்குச் சேற்றுழவு செய்யும்போது மட்டும் நுண்மையாக வெட்டுவதில் தவறில்லை. எனவே ஓட்டுநர் வயலில் இறங்கியதும் எந்தக் கியரில் போகிறார் என்று கேட்டு, முதல் சாலில் பத்தடி ஓட்டிய பிறகு நிறுத்தச் சொல்லி, கட்டிகளின் அளவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு ஓட்டச் சொல்லலாம்.